வீட்டில் மருந்து இருக்கா? - டாக்டர் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

எங்க ஊர் திண்டுக்கல். பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர் போன ஊர். பிரியாணியைப் பற்றி ஏற்கனவே எல்லாரும் எழுதித் தள்ளிவிட்டார்கள் :-) அதனால் இன்று பூட்டு. ஆனால் 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பெருமையைப் பேசப் போவதில்லை. எதைப் பூட்டி வைக்க வேண்டும், அதைப் பூட்டினீர்களா என்று யார் கேட்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நான் படிப்பது பி.காம். மருத்துவமும் சட்டமும் என் பாடம் இல்லை. தப்பு இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் கனமான விஷயம், தற்கொலை பற்றிய பேச்சு வரும். மனசு சரியில்லாத நேரத்தில் இதைப் படிக்கிறவர்கள் நேராகக் கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள். அங்கே சில போன் நம்பர்கள் இருக்கின்றன.

ஃப்ளோரிடாவில் ஒரு சண்டை

2010-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஒக்காலா என்ற ஊர். குழந்தையைக் காட்ட வந்த ஒரு தாயிடம் டாக்டர் வழக்கமான கேள்விகளோடு இன்னொன்றையும் கேட்டார்: "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?" அந்த அம்மாவுக்குக் கோபம். பதில் சொல்ல முடியாது என்றார். அப்படியானால் வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் இவர்.

நம் ஊராக இருந்தால் இதோடு முடிந்திருக்கும். அங்கே அது சட்டசபை வரை போனது. நோயாளியின் சிகிச்சைக்கு நேரடியாகத் தேவை இல்லாதபோது டாக்டர்கள் துப்பாக்கி பற்றிக் கேட்கவும் கூடாது, குறித்து வைக்கவும் கூடாது என்று 2011-ல் ஃப்ளோரிடா ஒரு சட்டமே போட்டது. மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், டாக்டர் உரிமத்துக்கும் ஆபத்து. டாக்டர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு ஆறு வருஷம் இழுத்தது. 2017 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், டாக்டரின் வாயைக் கட்டுவது பேச்சுரிமைக்கு எதிரானது என்று சொல்லி அந்தச் சட்டத்தின் முக்கியமான பகுதிகளை ரத்து செய்தது.

டாக்டர்கள் இதற்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும்? காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை செய்துகொள்பவர்கள். கொள்ளைக்காரன் வந்தால் சுடலாம் என்று வாங்கி வைத்த துப்பாக்கி, வீட்டு ஆளின் ஒரு கெட்ட ராத்திரியில் அவர் கைக்கே வந்துவிடுகிறது. அந்த ராத்திரி மட்டும் அது கைக்கு எட்டாமல் இருந்தால் பலர் பிழைத்துவிடுவார்கள் என்பது டாக்டர்களின் வாதம்.

இதை முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்க ஊர் ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டோடு நிற்கிற ஒரு பெரியவரிடம் டாக்டர் "ஐயா, துப்பாக்கி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்! ஆனால் யோசிக்க யோசிக்கச் சிரிப்பு போய்விட்டது. அந்தக் கேள்வி நமக்கு ஏன் வேடிக்கையாகப் படுகிறது? அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, அது எங்க ஊர் மலைக்கோட்டையிலேயே தொடங்குகிறது.

துப்பாக்கி நம் வீட்டை விட்டுப் போன கதை

திண்டுக்கல் மலைக்கோட்டை நாயக்கர்கள் கட்டியது. 1755-ல் ஹைதர் அலி மைசூர்ப் படையோடு இங்கே வந்தார். 1790-ல் கம்பெனிப் படை கோட்டையைப் பிடித்தது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தான் திண்டுக்கல்லை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தார். ஆட்சி மாறினாலும் ஊர்ப்புறத்தில் பாளையக்காரர்களிடம் ஆளும் இருந்தது, ஆயுதமும் இருந்தது.

அவர்களில் ஒருவர் விருப்பாச்சி கோபால் நாயக்கர். ஒட்டன்சத்திரத்தில் இருந்து பழனி போகிற வழியில் இருக்கும் அதே விருப்பாச்சிதான். சுற்றுவட்டாரத்துப் பாளையக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு கம்பெனியை எதிர்த்தார். 1801-ல் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முன் 1799 அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மன், பின்னால் 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். இவை பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த தேதிகள்.

நாம் மனப்பாடம் செய்யாத தேதி ஒன்று உண்டு. 1801 டிசம்பர் 1. அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பெயரில் ஒரு பிரகடனம் வந்தது. தென் சீமையில் இனி அரசாங்கம் அனுமதித்த ஆயுதத்தைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் வாங்கப்பட்டன. படைத் தலைவர்களாக இருந்த பாளையக்காரர்கள் வரி கட்டும் ஜமீன்தார்களாக ஆனார்கள்.

பிறகு 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம், இந்தியர்கள் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்த இடத்தில் 1959 ஆயுதச் சட்டம் வந்தது. பாரபட்சம் போனது, உரிமம் தொடர்ந்தது. 2016-ல் வந்த ஆயுத விதிகளின்படி துப்பாக்கி உரிமம் கேட்கிறவர் உடல் நலம், மன நலம் இரண்டுக்கும் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கித் தர வேண்டும்.

கவனித்தீர்களா? அமெரிக்காவில் துப்பாக்கியை வாங்கிய பிறகு அதைப் பற்றி டாக்டர் கேட்கலாமா என்று சண்டை. இங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் துப்பாக்கியே கிடையாது. நம் நாட்டில் ஆயுதத்தைப் பறித்தவர்கள் நம் நலனுக்காகப் பறிக்கவில்லை, அவர்கள் பாதுகாப்புக்காகப் பறித்தார்கள். ஆனாலும் அதன் பலனாக, மலைப்பக்கம் எப்போதாவது பிடிபடும் நாட்டுத் துப்பாக்கியை விட்டுவிட்டால், எங்க ஊர் வீடுகளில் துப்பாக்கி இல்லை.

அப்படியானால் கேள்வியும் தேவையில்லையா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

துப்பாக்கி இல்லாத வீட்டில் இருப்பது

தமிழில் ஒரு வார்த்தை இருக்கிறது: மருந்து. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, செடிக்கு அடிப்பதும் மருந்து. "தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போயிருக்கார்" என்போம். "மருந்தக் குடிச்சுட்டான்" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் யாரும் இருமல் மருந்து என்று நினைக்க மாட்டோம். உயிரைக் காப்பதற்கும் எடுப்பதற்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம்.

திண்டுக்கல் சமவெளியில் என்ன விளைகிறது என்று பாருங்கள். சிறுமலை அடிவாரத்தில் திராட்சை, நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிற காய்கறி, முருங்கை, சின்ன வெங்காயம். பெரும்பாலும் மருந்து கேட்கிற பயிர்கள். அதனால் விவசாயி வீட்டில் பாதி தீர்ந்த பாட்டில்கள் எப்போதும் இருக்கும். பரண் மேல், கட்டிலுக்கு அடியில், மாட்டுக் கொட்டகைச் சுவர் மாடத்தில்.

இந்தப் பழக்கம் ஒன்றும் ஆதிகாலத்தில் இருந்து வந்ததில்லை. என் தாத்தா தலைமுறையில் வந்தது. அந்தத் தலைமுறையைக் கேட்டால் "பாலிடால்" என்ற பெயர் உடனே வாயில் வரும். பாரத்தியான் என்ற ரசாயனத்தின் வணிகப் பெயர் அது. 1958-ல் கேரளாவிலும் அன்றைய சென்னை மாகாணத்திலும் 100 பேருக்கு மேல் செத்தார்கள். கப்பலில் வந்த கோதுமை மாவில் இந்த மருந்து கலந்துவிட்டிருந்தது. அவர்களில் யாரும் சாக வேண்டும் என்று சாப்பிட்டவர்கள் இல்லை. அந்தச் சம்பவத்தால் விசாரணை நடந்து, பத்து வருஷம் கழித்து வந்ததுதான் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டம்.

அந்தச் சட்டத்தின் கதை ஒரு வணிகவியல் மாணவனுக்கு சுவாரசியமானது. தயாரிப்பவர் பதிவு செய்ய வேண்டும், விற்பவர் உரிமம் வாங்க வேண்டும். வாங்குகிறவருக்கு ஒன்றும் வேண்டாம். சரக்கு கடையை விட்டு வெளியே போனதோடு சட்டத்தின் கண்ணும் மூடிக்கொள்கிறது. துப்பாக்கிக்கு வாங்குகிறவரின் மனநிலை வரை கேட்கும் அதே அரசாங்கம், மருந்து பாட்டில் வீட்டுக்குள் எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை.

என் சித்தப்பா

இதை எழுதலாமா என்று சித்தப்பாவிடமே கேட்டேன். "பேரைப் போடாதே, மத்ததை எழுது" என்றார். அதனால் எழுதுகிறேன்.

இரண்டு ஏக்கரில் சின்ன வெங்காயம் போட்டிருந்தார். நட்டபோது விதைக் காய் விலை உச்சத்தில். பிடுங்கியபோது ஆள் கூலிக்குக்கூடக் கட்டவில்லை. சித்தி நகை அடகில், கைமாத்து வேறு. தூக்கம் போய்விட்டது. டவுனில் ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தார். சுகர் உண்டா, பீடி சிகரெட் உண்டா, தண்ணி போடுவீங்களா, எல்லாம் கேட்டார் அந்த டாக்டர். பிரஷர் பார்த்தார். தூக்க மாத்திரை எழுதி, டென்ஷன் ஆகாதீங்க என்று அனுப்பிவிட்டார். மனசில் என்ன ஓடுகிறது என்று கேட்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்றும் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம், சித்தியோடு சின்ன வாக்குவாதம். உள்ளே போனவர் மருந்து பாட்டிலை எடுத்துவிட்டார். பக்கத்து வீட்டு அண்ணனிடம் கார் இருந்ததாலும், அவர் அன்று ஊரில் இருந்ததாலும் சித்தப்பா பிழைத்தார். பிறகு அவரே சொன்னார்: "அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி வரைக்கும் அப்படி ஒரு நெனப்பே இல்லடா. கண்ணு முன்னாடி இருந்துச்சு."

வீட்டுக்கு அனுப்பும் நாள். ஒரு சின்ன வயசு லேடி டாக்டர், எங்களைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும், என் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். "வீட்ல இன்னும் மருந்து இருக்கா?" என்று கேட்டார். அப்பாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "விவசாயி வீட்ல மருந்து இல்லாம இருக்குமா? எங்களைக் குத்தம் சொல்றீங்களாம்மா?" அந்த டாக்டர் அசரவில்லை. "குத்தம் சொல்லலங்க. அவர் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி அதை வேற எடத்துக்கு மாத்திடுங்க. சாவி அவர்கிட்ட இருக்க வேண்டாம். கொஞ்ச மாசத்துக்கு மட்டும்."

அப்பா முறைத்துக்கொண்டு நின்றார். அப்பத்தாதான் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "டேய், நீ வண்டிய எடுத்துட்டு முன்னாடி போ" என்றது. நான் போய் நாலு பாட்டில்களையும் ஒரு டப்பாவையும் பங்காளி வீட்டு மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டினேன். பூட்டு எங்க ஊர் பூட்டுதான். சாவி அப்பத்தா சுருக்குப் பைக்குள் போனது. சித்தப்பா இப்போது முருங்கை போட்டிருக்கிறார். மருந்தடிக்கிற அன்று காலையில் அப்பத்தாவிடம் சாவி கேட்பார், சாயங்காலம் திருப்பிக் கொடுப்பார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்வதில்லை.

ஃப்ளோரிடா கதையை நான் படித்தது இதற்குப் பிறகு. அந்த அம்மாவின் கோபமும் என் அப்பாவின் கோபமும் ஒரே கோபம்தான் என்று தோன்றியது. "என் வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க நீ யார்?" அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டதால்தான் பூட்டு வந்தது.

கைக்கு எட்டாமல் வைத்தால் உயிர் மிஞ்சுமா?

"சாக முடிவு செய்தவன் இது இல்லையென்றால் வேறொன்றைத் தேடுவான்" என்று பலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது.

முதல் உதாரணம் இங்கிலாந்து. ஒரு காலத்தில் அங்கே சமையலுக்குக் குழாயில் வந்தது நச்சு கலந்த நிலக்கரி வாயு. 1960-களில் இருந்து படிப்படியாக அது மாறி நச்சு இல்லாத இயற்கை வாயு வந்தது. யாரும் தற்கொலையைத் தடுக்க வேண்டும் என்று செய்யவில்லை, செலவு குறையும் என்று செய்தார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 1963-ல் 5,714 ஆக இருந்த தற்கொலைகள் 1975-ல் 3,693 ஆகக் குறைந்தன. ஒரு வழி அடைபட்டதும் எல்லாரும் அடுத்த வழிக்குப் போய்விடவில்லை.

இரண்டாவது உதாரணம் இலங்கை. இதுதான் நமக்கு நெருக்கம், அதே நெல், அதே மருந்து. உலகத்திலேயே அதிகமாகத் தற்கொலை நடக்கும் நாடுகளில் ஒன்றாக 1990-களில் இலங்கை இருந்தது. அந்த அரசாங்கம் 1984-ல் பாரத்தியானை (நம் பாலிடால்தான்) நிறுத்தியது. 1995-ல் மிகக் கடும் நச்சு வகையில் மிச்சம் இருந்தவற்றை நிறுத்தியது. 1998-ல் எண்டோசல்பான். 2008-ல் இருந்து 2011-க்குள் இன்னும் மூன்று. 1995-ல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் இருபது வருஷத்தில் சுமார் 70 சதவீதம் இறங்கியது. 93,000 உயிர்கள் மிஞ்சியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு உயிருக்கு அரசாங்கத்துக்கு ஆன நேரடிச் செலவு 50 டாலருக்கும் குறைவு. விளைச்சலும் விழவில்லை. காஸ்ட் அக்கவுண்ட்டிங் படிக்கிறவர்கள் இதைவிட மலிவான திட்டம் ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

இந்தியாவில் இந்த வேலை மெதுவாக நடந்தது. எண்டோசல்பானை 2011-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. மோனோகுரோட்டோபாஸை 2005-ல் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்றார்கள், ஆனால் கடையில் இருந்தது. திரவமாக விற்ற அந்த மருந்துக்கு மத்திய அரசு முழுத் தடை போட்டது 2023-ல்தான். இடையில் 2022-23-ல் தமிழக அரசு தற்கொலைகளைக் காரணம் காட்டியே 6 பூச்சிமருந்துகளை 60 நாளுக்கு நிறுத்தி வைத்தது. ஏன் 60 நாள் மட்டும்? 1968 சட்டம் மாநிலத்துக்குக் கொடுத்த அதிகாரம் அவ்வளவுதான். 1958-ல் மாவில் கலந்த விஷத்தை நினைத்து எழுதிய சட்டம், வீட்டுக்குள் நடக்கும் சாவை நினைத்து எழுதப்படவில்லை.

2022-ல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. தமிழ்நாட்டில் மட்டும் 19,834. மகாராஷ்டிராவுக்கு அடுத்த இடம். நாட்டு அளவில் இவர்களில் சுமார் கால்வாசிப் பேர் விஷத்தால் போனவர்கள்.

பெட்டி கொடுத்தால் போதுமா?

பூட்டு ஊர்க்காரன் என்பதால் எனக்குப் பிடித்த கதை இது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் ஒரு முயற்சி நடந்தது. சென்னையில் 1986-ல் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவினரும் செய்தது. மருந்தை வீட்டில் வைக்காதீர்கள், ஊருக்குப் பொதுவாக ஒரு கிடங்கில் வையுங்கள் என்றார்கள். பேங்க் லாக்கர் மாதிரி ஆளுக்கொரு பெட்டி. ஒரு சாவி விவசாயியிடம், இன்னொன்று பொறுப்பாளரிடம். விவசாயிகள் ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கிராமங்களில் மருந்தால் நடந்த தற்கொலையும் முயற்சியும் குறைந்ததாக 2013-ல் ஆய்வு வெளியானது.

இதோடு நிறுத்திக்கொண்டால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் எதிர்ப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இலங்கையில் அனுராதபுரம் பக்கம் 180 கிராமங்கள், 50,000-க்கும் மேற்பட்ட வீடுகள் என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களில் விவசாயி வீடுகளுக்குப் பூட்டோடு பெட்டி கொடுத்தார்கள். 2017-ல் முடிவு வந்தது: பெட்டி கொடுத்த கிராமங்களுக்கும் கொடுக்காத கிராமங்களுக்கும் வித்தியாசம் இல்லை.

ஏன்? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். வீட்டுக்குள் இருக்கிற பெட்டிக்கு வீட்டு ஆளிடமே சாவி இருக்கும். அவசரத்தில் மருந்தடித்துவிட்டு வந்தால் பூட்டவும் மறந்துபோகும். எல்லாருக்கும் பொதுவாகக் கொடுத்த பூட்டு யாருக்கும் தன் பூட்டாகத் தோன்றாது. எங்கள் வீட்டுப் பூட்டு வேலை செய்தது இரும்பினால் இல்லை. யாருக்காகப் பூட்டுகிறோம், எவ்வளவு நாளைக்கு, சாவி யாரிடம் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. அதைத் தெரிய வைத்தது ஒரு டாக்டரின் கேள்வி.

வாயைக் கட்டிய நம் சட்டம்

ஃப்ளோரிடா சட்டம் டாக்டரின் வாயைக் கட்டியது. நம் நாட்டில் ஒரு சட்டம் நோயாளியின் வாயைக் கட்டியது. 1860 இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 309. தற்கொலைக்கு முயன்றால் ஒரு வருஷம் வரை ஜெயில். பிழைத்து வந்தவன் குற்றவாளி. அதனால்தான் ஆஸ்பத்திரியில் கேட்டால் "தெரியாமக் குடிச்சுட்டார்", "தண்ணின்னு நெனச்சுட்டார்" என்ற பதில்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்த குடும்பத்திடம் டாக்டர் எதைக் கேட்டு என்ன உண்மை வரும்?

இந்தப் பிரிவை 1994-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 1996-ல் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு செல்லும் என்றது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் (நடைமுறைக்கு வந்தது 2018) தான் பார்வையை மாற்றியது. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசாங்கம் அவருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்றது. 2024 ஜூலை 1-ல் வந்த புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இல்லை. அரசு ஊழியரை மிரட்டுவதற்காக முயல்வது மட்டும் குற்றமாக மிச்சம் இருக்கிறது. இலங்கை இதை 1998-லேயே நீக்கிவிட்டது.

ஆக, நோயாளி உண்மை சொல்ல இருந்த பெரிய தடை சட்டத்தில் விலகிவிட்டது. மனசில் இன்னும் விலகவில்லை. எங்கள் வீட்டில் அன்று போலீஸ் வருமா என்றுதான் அப்பா முதலில் கேட்டார்.

சரி, கேட்கலாமா?

எனக்குத் தெரிந்து மூன்று ஆட்சேபங்கள் வரும்.

ஒன்று, அந்தரங்கம். நியாயமான கவலை. ஆனால் குடிப்பீர்களா, புகைப்பீர்களா என்று டாக்டர் கேட்பது மட்டும் என்ன? அதையும் ஒரு காலத்தில் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டதை நாலு பேர் காதில் விழும்படி கேட்கக் கூடாது, பதில் அறையைத் தாண்டக் கூடாது. அது கேட்கும் முறை பற்றிய விஷயம்.

இரண்டு, கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட மாட்டோமா? இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கேட்பதால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை, பெரும்பாலும் மனப் பாரம் குறையத்தான் செய்கிறது. 2021-ல் அது வெளியிட்ட தற்கொலைத் தடுப்பு வழிகாட்டியில் முக்கிய நடவடிக்கைகளின் வரிசையில் முதலில் இருப்பது, சாகும் வழிகளைக் கைக்கு எட்டாமல் செய்வது.

மூன்று, நேரம். ஒரு ஓ.பி.யில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எங்க ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எல்லாரிடமும் கேட்கச் சொல்லவில்லை. தூக்கம் வரவில்லை என்று வருகிறவர், கடன் பற்றிப் பேச்சை எடுக்கிறவர், ஒருமுறை முயன்று பிழைத்தவர், பிள்ளை பெற்ற பின் அழுதுகொண்டே இருக்கும் பெண், பரீட்சை முடிவுக்குப் பிறகு சாப்பிடாமல் இருக்கும் பையன். இவர்களிடம் இரண்டு கேள்வி: "வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறதா?", "வீட்டில் மருந்து எங்கே இருக்கிறது?" கூட வந்தவரிடம் ஒரு வரி: "கொஞ்ச நாளைக்கு அதை வேற வீட்டில் வையுங்கள்." ஒரு நிமிஷம்.

என் முடிவு, கேட்க வேண்டும். துப்பாக்கி இருக்கும் நாட்டில் துப்பாக்கியை, மருந்து இருக்கும் ஊரில் மருந்தை. கேள்வி மட்டும் போதும் என்று சொல்லவில்லை. கடும் நச்சுகளைக் கடையிலேயே நிறுத்துவதுதான் பெரிய வேலை, இலங்கை காட்டியது அதைத்தான். ஆனால் சட்டம் வர வருஷங்கள் ஆகும். சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு அத்தனை வருஷம் இருப்பதில்லை. 1801-ல் யாரோ உத்தரவு போட்டு எங்க ஊர் வீடுகளில் இருந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார்கள். மருந்து பாட்டிலை அப்படி யாரும் வந்து எடுக்கப் போவதில்லை, எடுக்கவும் முடியாது, அது பிழைப்பு. அதனால் யாராவது கேட்கத்தான் வேண்டும்.

டாக்டர் கேட்காவிட்டால் நாம் கேட்கலாம். விவசாயி வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்பில் நிறையப் பேர் இருக்கிறோம். இந்த வாரம் ஊருக்குப் போனால் பாட்டில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பூட்டு இல்லையென்றால் சொல்லுங்கள், எங்க ஊரில் நல்ல பூட்டாகப் பார்த்து வாங்கித் தருகிறேன்.

மனசு கனக்கிறவர்களுக்கு: டெலி மானஸ் 14416 (இலவசம், 24 மணி நேரமும், தமிழில் பேசலாம்). தமிழக அரசின் 104. சினேகா, சென்னை 044-24640050. கூப்பிட்டுப் பேசுங்கள். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள்.